மருமகளுக்குப் பதினோரு பாட்டு, ராணிக்கு ரெண்டு

நாடகத்துக்குப் புதுசா வர்ற பொம்பளைப் பிள்ளைக யாரும் எங்கிட்ட முதல்ல கேட்கிறது ஒண்ணுதான். "மோதிர நாடகத்துல எனக்கு மருமக வேசம் வாங்கிக் குடுங்க பெரியப்பா. ராணி வேசம் மட்டும் வேண்டாம்." பபூன் வேசம் கட்ட வர்ற பையங்க கேட்கிறது வேற. "எந்த இடத்துல அண்ணாச்சி ராணியைக் கலாய்ச்சா கூட்டம் அள்ளும்?"

ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான். அதைத்தான் எழுதச் சொல்லியிருக்கேன். நான் சொல்லச் சொல்ல எழுதுறது என் மகள். நான் படிச்சது நாலாங் கிளாஸ். அதுலயும் பாதி நாள் தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கப் போயிட்டேன். ஆனா மேடையில நான் நின்ன நாப்பத்தோரு வருசத்துல, விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி "பபூன் வீடு எது"ன்னு கேட்டா, "எந்த பபூன்"னு ஒருத்தனும் திருப்பிக் கேட்டது கிடையாது. சூலக்கரைப் பக்கம் நான் கட்டியிருக்கிற வீடு சிரிப்புல கட்டின வீடு. இதைப் பெருமைக்குச் சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்றேன். இம்புட்டுப் பெருமை உள்ளவன் ஒரு சாயங்காலம் எப்படிக் கூசிப்போய் நின்னான்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்குப் பாடம் ஏறும்.

மோதிர நாடகம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்லிடுறேன். ராசா செத்த பிறகு ராணி நாட்டை ஆளுறா. ஒரே மகன். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். எதிரி எல்லையில வந்து நிற்கிறான். குறி சொல்றவ அரண்மனைக்கு வந்து, இன்னிக்கு இந்த வீட்டு ஆம்பளை வாசல் தாண்டக் கூடாதுங்கிறா. மருமகளும் கெட்ட கனவு கண்டிருக்கா, அவன் வாளைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறா. ராணி வர்றா. "ஊரான் பிள்ளையெல்லாம் களத்துல நிற்க, என் பிள்ளை மட்டும் கட்டில்ல கிடந்தா நான் என்ன ராணி?"ன்னு தன் முத்திரை மோதிரத்தை அவன் விரல்ல போட்டு அனுப்பி வைக்கிறா. அவன் பிணமா வர்றான். மருமக அரை மணி நேரம் ஒப்பாரி பாடி, "உன் வாசல்ல விளக்கெரியாமப் போக"ன்னு மாமியாளைச் சபிச்சு, அவன் மேலேயே விழுந்து செத்துப்போறா. திரை. மங்களம்.

இதுல பொம்பளைக மூணு பேர். குறிகாரி, மருமக, ராணி. குறிகாரியை எல்லாருக்கும் பிடிக்கும். அவ சொன்னது பலிச்சுது, சோழியைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா. சரியாச் சொன்னவளுக்கு எந்தக் காலத்துலயும் சங்கடம் இல்லை. மருமகளைக் கேட்கவே வேண்டாம். பதினோரு பாட்டு, கழுத்து நிறைய மாலை, ஊர்ப் பொம்பளைக பாதிப் பேர் முந்தானையை நனைச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. ராணிக்கு ரெண்டு பாட்டு. ரெண்டும் கோபப்பாட்டு. மகனைப் பறிகொடுத்ததுக்கு அவளுக்கு ஒரு அடி பாட்டுக்கூட இல்லை. மருமக சாபம் விட்டதும் அவ ஓரமா நிற்பா, திரை வந்து மூடிடும்.

நானும் அப்படித்தான் எடைபோட்டு வச்சிருந்தேன். மருமக தங்கம், ராணி தகரம். தகரத்தைத் தட்டினாத்தானே சத்தம் வரும்? தட்டினேன். மகனை அனுப்பிட்டு ராணி உள்ளே போன கையோட, அரண்மனை வேலைக்காரனா நான் மேடைக்கு வந்து, மாமியா சங்கதி ஒண்ணொண்ணா எடுத்துவிட்டா ஊரே "ஓ"ன்னு கத்தும். அந்த "ஓ" சத்தத்தைக் கிளப்பிவிடுறதுல என்னை மிஞ்ச இன்னும் ஒருத்தன் பிறக்கலை.

அதுக்கு நான் ஒரு வழி வச்சிருந்தேன். நீங்களும் இப்ப அதைத்தான் செய்யுறீங்க. நம்ம நாடகத்துல ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவார், ஆர்மோனியம் இன்னொரு ஊர்ல இருந்து வரும், மேடையிலதான் முகம் பார்ப்போம். அதனால பபூன் ரெண்டு மணி நேரம் முந்தியே ஊருக்குப் போயி, டீக்கடையில உட்கார்ந்து ஊர்ச் சேதி பொறுக்கணும். யார் வீட்ல என்ன சண்டை, யார் புதுசா பைக் வாங்கினது, எல்லாத்தையும் மேடையில சேர்த்துவிட்டா, "அட, நம்ம தெருவை இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்"னு கூட்டம் குலுங்கும்.

எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது ராணி வேசம் கட்டின அம்மாதான். அவங்க பேரை எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நாங்க எல்லாரும் ராணியம்மான்னுதான் கூப்பிடுவோம். சொல்லிக்கொடுத்தப்பவே ஒரு நிபந்தனையும் போட்டாங்க. "ஒரு சேதியை ரெண்டு வாயில கேட்காம மேடை ஏத்தாதே. முத வாயி பாதிதான் சொல்லும்." ரொம்ப வருசம் அப்படித்தான் செஞ்சேன். பிறகு பேர் வந்துச்சு. பேர் வந்தா ஒரு வாயே போதும்னு தோணிடும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊர். பங்குனிப் பொங்கல். ஊர் முழுக்கப் பட்டாசு ஆபீசுல வேலை பார்க்கிற சனம். இப்பத்தான் பத்து மணிக்கு மைக்கை அணைக்கணுமே, ஆறரைக்கே நாடகம் ஆரம்பம். நான் போய்ச் சேர்ந்ததே அஞ்சு மணிக்கு மேலே. டீக்கடையில நாலு இளவட்டங்க.

"என்ன நாடகம் அண்ணாச்சி?"

"மோதிர நாடகம்."

"அப்ப எங்க ஊரு ராணியச் சேர்த்துக்கோங்க. தண்ணித்தொட்டித் தெரு பேச்சியம்மா."

"அவுக என்ன செஞ்சாக?"

"என்ன செய்யலைங்கீக? பெத்த மகனே மூஞ்சில முழிக்கப் பிடிக்காம திருப்பூருக்குப் போயிட்டான். ரெண்டு வருசமா ஒரு போன் கிடையாது."

இன்னொருத்தன் "ஏலே, வேண்டாம்லே"ன்னான். நான் அவனைப் பார்த்திருக்கணும். அவன்தான் ரெண்டாவது வாயி. நான் பார்க்கலை. டீயைக் குடிச்சேன், தெரு பேரையும் திருப்பூரையும் மனசுல முடிஞ்சுக்கிட்டேன், வேசம் போடப் போயிட்டேன்.

நீங்க வேற ஊர்க்காரங்களா இருந்தா மன்னிக்கலாம். நான் இந்த மண்ணுலயே பிறந்தவன். பட்டாசு ஆபீசு ஊர்ல ஒரு மகன் காரணம் சொல்லாம வெளியூர் போனான்னா, ஒரு வீடு பகல்ல பூட்டிக் கிடந்தா, அதுக்குப் பின்னால என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? என் தெருவுலயே அப்படி வீடு இருக்கு. தெரிஞ்சும் கேட்கலை.

எட்டரை இருக்கும். ராணியம்மா மகனுக்கு மோதிரம் போட்டு அனுப்பிட்டு உள்ளே போனாங்க. நான் குதிச்சு வந்தேன்.

"ஏ மகாராணி, நீயெல்லாம் ஒரு மாமியாளா? தண்ணித்தொட்டித் தெருவுக்கு வந்து பாரு! அங்கன ஒரு மகாராணி இருக்கா. உனக்காவது மகன் சண்டைக்குத்தான் போனான். அவளுக்குப் பயந்து ஒருத்தன் திருப்பூருக்கே ஓடிட்டான்!"

ஆம்பளைக பக்கம் விசில் பறந்துச்சு. ரெண்டு மூணு செல்போன் லைட் எரிஞ்சுது. பொம்பளைக பக்கம் ஒரு சத்தம் இல்லை. நாப்பது வருசக் காது இது. சிரிப்பு வரலைன்னா ஏன் வரலைன்னு அதுக்குத் தெரியும். முன்வரிசையில வேப்பமரத்து ஓரமா ஒரு அம்மா சாக்கை விரிச்சு உட்கார்ந்திருந்தாங்க. அவங்களைச் சுத்தி இருந்தவங்க தலை எல்லாம் குனிஞ்சுது. அந்த அம்மா மட்டும் குனியலை. என்னையே பார்த்தாங்க. பின்னால இருந்து ஒரு கிழவி, "போடா கூத்தாடி, உன் வாயில மண்ணு விழ"ன்னாங்க. நான் எதையோ பாடி ஒப்பேத்திட்டு உள்ளே வந்தேன்.

உள்ளே விழாக் கமிட்டிக்காரர் வேர்த்து விறுவிறுத்து நின்னார்.

"என்ன வேலை பார்த்துட்டீக அண்ணாச்சி! அந்தப் பேச்சியம்மா மருமக வெடி ஆபீசுல செத்துப்போச்சு. தெரியுமா தெரியாதா?"

தெரியாதுன்னு தலையை ஆட்டினேன்.

அவர்தான் சொன்னார். தீபாவளிச் சீசன். அந்தப் பிள்ளைக்குக் காலையிலயே தலைவலி, இன்னிக்குப் போகலைன்னு படுத்திருக்கு. பேச்சியம்மாதான், "ஆர்டர் நேரம் தாயி, லீவு போட்டா போர்மேன் ஏசுவான், மத்தியானம் லீவு கேட்டுட்டு வந்துரு"ன்னு சோத்து வாளியைக் கையில குடுத்து அனுப்பியிருக்காங்க. பதினோரு மணிக்கு மருந்து ரூம் வெடிச்சிருச்சு. மகன் அன்னிக்கு ஒரே வார்த்தைதான் சொன்னானாம், "நீதானே அனுப்புன." காரியம் முடிஞ்ச மறுநாள் பஸ் ஏறினவன், ரெண்டு வருசம் கழிச்சு இந்தப் பொங்கலுக்குத்தான் வந்திருக்கான்.

"ஜெனரேட்டர் பக்கத்துல நிக்கான் பாருங்க. நேத்து வந்தவன் இன்னும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசல. வீட்டுத் திண்ணக்கிட்ட கூடப் போகல, சேக்காளி வீட்டுலதான் சாப்பாடு. இன்னிக்கு எப்படியும் பேசிருவான்னு ஊரே நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப செருப்பை மாட்டிட்டான். பத்தே முக்காலுக்குச் சிவகாசியில பஸ்சு."

திரை ஓட்டை வழியாப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தோள்ல பை. முகத்தை நான் சரியாப் பார்க்க முடியலை.

எனக்குத் தோணினதை அவசரமாச் சொன்னேன். "இத்தோட நிறுத்திருவோம். மங்களம் பாடிருவோம். சாபக் காட்சி வேண்டவே வேண்டாம். நான் மைக்குல போயி கால்ல விழுறேன்."

ராணியம்மா முகத்துக்குப் பவுடர் ஒத்திக்கிட்டு இருந்தாங்க. கண்ணாடியில இருந்து திரும்பாமலே பேசினாங்க.

"பாதியில நிறுத்தினா யாருக்காக நிறுத்துனோம்னு விளங்காத பச்சைப் பிள்ளைகூட விளங்கிக்கும். மைக்குல கால்ல விழுந்தா, கேட்காதவுகளும் கேட்பாக. உன் மனசு ஆறும். அவுகளுக்கு?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுதீக?"

அவங்க மருமக வேசம் கட்டியிருந்த பிள்ளையைக் கூப்பிட்டாங்க. அது கேட்டுச்சு, "சாபத்தை விட்ரவா அம்மா?"

"ஒரு அடி விடாமப் பாடு. உன் புருசன் செத்துட்டான், உனக்குப் பாட நியாயம் இருக்கு. குறைச்சுப் பாடினா அந்தச் செத்த பிள்ளைக்கும் மரியாதை இல்ல." பிறகு கமிட்டிக்காரர்கிட்ட, "இவ விழுந்த பிறகு திரைய இழுக்காதீக. எனக்கு அஞ்சு நிமிசம் வேணும்." கடைசியா எங்கிட்ட, "நீ வேலைக்காரனாவே மேடைக்கு வா. நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. சிரிக்க வச்சேன்னா, நாளையில இருந்து உன்கூட மேடை ஏற மாட்டேன்."

என்ன கேட்கப் போறாங்கன்னு சொல்லலை. ஒத்திகை இல்லாத தொழில்தானே நம்முது.

அந்தப் பிள்ளை பாடுச்சு. அன்னிக்கு மாதிரி அது எந்நாளும் பாடலை. ஊர்ப் பொம்பளைக அழுதாங்க. பேச்சியம்மா அழலை. சாக்கு ஓரத்து நூலைப் பிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. "உன் வாசல்ல விளக்கெரியாமப் போக"ன்னு சாபம் வந்ததும் இளவட்டக் கூட்டத்துல ஒருத்தன் "ஓ"ன்னு ஆரம்பிச்சான். நான் பழக்கிவிட்ட "ஓ". மருமக விழுந்துட்டா. திரை வரலை.

ராணியம்மா நின்ன இடத்துலயே நின்னாங்க. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடிக்கப் போனார். வேண்டாம்னு கை காட்டினாங்க. சத்தம் தானா அடங்குச்சு. எங்கிட்டத் திரும்பிச் சாதாரணமா, அடுப்படியில நின்னு பேசுற மாதிரிக் கேட்டாங்க.

"ஏம்ப்பா, நேத்து அரண்மனையில எத்தனை பேருக்கு உலை வச்சோம்?"

"மூணு பேருக்கு மகாராணி."

"இன்னிக்கு எத்தனை பேருக்கு வைக்கணும்?"

என் ஆயுசுல மேடையில எனக்கு வார்த்தை வராமப் போனது அந்த ஒரு தரம்தான். எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி வச்சிருக்கிறவன் நான். கீழே ரெண்டு பொணம் கிடக்கு, முன்னால ஊர் கிடக்கு. தலையைக் குனிஞ்சேன்.

"நீ சொல்ல மாட்டே. நானே வச்சுக்கிடுறேன்"னாங்க. பிறகு குனிஞ்சு மகன் விரல்ல இருந்த மோதிரத்தைக் கழட்டினாங்க. "யாரு கேட்டாலும் நான்தான் அனுப்பினேன்னு சொல்லு. நல்லதுக்குத்தான் அனுப்பினேன்னு சொல்லாதே. அதை நம்புறதுக்கு ஒரே ஒருத்தன்தான் இருந்தான்."

மோதிரத்தை முந்தானையில முடிஞ்சாங்க. மருமக தலைமாட்டுல உட்கார்ந்து, கலைஞ்சு கிடந்த அவ முடியை ஒதுக்கி, சேலையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டாங்க. சபிச்ச வாயை ஒரு தரம் தொட்டாங்க. எந்திரிச்சு உள்ளே போயிட்டாங்க. அழலை. பாட்டு இல்லை. அதுக்குப் பிறகுதான் திரை வந்துச்சு.

கை தட்டு இல்லை, விசில் இல்லை. ஊர் எந்திரிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. நான் ஓட்டை வழியா ஜெனரேட்டர் பக்கம் பார்த்தேன். வெள்ளைச் சட்டையைக் காணோம். பஸ்சுக்குப் போயிட்டான்னுதான் நினைச்சேன்.

அன்னிக்குத்தான் எனக்கு அந்த ரெண்டு பொம்பளைகளும் விளங்கினாங்க. மருமகளும் அவன் வேணும்னுதான் நின்னா, ராணியும் அவன் வேணும்னுதான் நின்னா. மருமக வாளைப் பிடிச்சுக்கிட்டா, ராணி வாளைக் கையில குடுத்தா, ரெண்டும் பிரியம்தான். மருமக அழுகைக்கு ஆர்மோனியம் உண்டு, மிருதங்கம் உண்டு, அழுது முடிச்சா சாவும் உண்டு. அவ துக்கம் அரை மணி நேரத்துல முடிஞ்சிருது. ராணி துக்கம் திரை விழுந்த பிறகுதான் ஆரம்பிக்குது. அதைப் பார்க்க ஒரு சனம் இருக்காது. நாப்பது வருசமா நான் அவளைத் தகரம்னு தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். எந்த ஊர்ல எந்தப் பேச்சியம்மா கீழே உட்கார்ந்திருந்தாங்களோ, எனக்குத் தெரியாது.

ராணியம்மா தேங்காயெண்ணெய் போட்டு வேசத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. கொட்டகை வாசல்ல நிழல் விழுந்துச்சு. பேச்சியம்மா. சாக்கைச் சுருட்டிக் கக்கத்துல வச்சிருந்தாங்க. நான் பாதி வேசத்தோட எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தாயி, தெரியாமச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரணும்."

"நீங்க சொன்னதுல பொய் இல்லண்ணே. பாதியில நிப்பாட்டிட்டீக, அம்புட்டுத்தான்."

முத வாயி பாதிதான் சொல்லும்னு ராணியம்மா போட்டிருந்த நிபந்தனையை, தனக்கே தெரியாம பேச்சியம்மா எனக்குத் திருப்பிச் சொன்னாங்க. இதைவிடச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

என்னை விட்டுட்டு ராணியம்மா பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க. "ஏன் மதினி, அந்த ராணி அதுக்குப் பெறகு என்ன ஆனா? கதையில இருக்கா?"

"கதையில இல்ல மதினி. எழுதுனவுக அத்தோட விட்டுட்டாக." ராணியம்மா துணியைக் கீழே வச்சாங்க. "நீங்க என்ன செஞ்சீக?"

பேச்சியம்மா ரொம்ப நேரம் யோசிக்கலை. "காரியம் முடிஞ்ச மறுநா எந்திரிச்சு உலை வச்சேன். எனக்கும் அவனுக்கும். அவன் சாப்பிடல. போயிட்டான். அதுக்கு மறுநாளும் ரெண்டு பேருக்குத்தான் வச்சேன். கை பழகிருச்சு. இன்னிவரைக்கும் ரெண்டு பேருக்குத்தான் வைக்கேன். ராத்திரிக்குத் தண்ணி ஊத்தி வச்சிட்டு, மறுநாளும் அதையே திங்கேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான்."

ராணியம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வெளியே தட்டியை ஒட்டி ஆள் நிற்கிற சத்தம். செருப்பு மண்ணுல உரசுது, உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. எம்புட்டு நேரமா நின்னுச்சோ. பிறகு ஒரு ஆம்பளைக் குரல்.

"எம்மா."

பேச்சியம்மா தலையைத் தூக்கினாங்க.

"பசிக்கு."

அந்த அம்மா எந்திரிச்ச வேகத்துல சாக்கை எங்க கொட்டகையிலேயே போட்டுட்டுப் போயிட்டாங்க. ராணியம்மா அதை எடுத்து உதறி மடிச்சு வச்சாங்க. காலையில கமிட்டிக்காரர்கிட்டக் குடுத்துவிட்டோம்.

ராணி வேசம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இனிமே யாரும் எங்கிட்ட வராதீக. பபூன் கட்டப்போற பயலுவளும் கேட்டுக்கோங்க. தெரு பேரு தெரிஞ்சிருக்கு, மகன் எங்கன இருக்கான்னு தெரிஞ்சிருக்குன்னு மேடை ஏறிராதீக. அந்த வீட்ல இன்னிக்கு எத்தனை பேருக்கு உலை வச்சிருக்குன்னு தெரியுமா? தெரியாட்டி வாயை மூடிக்கிட்டு ஆடுங்க.